மேலே விட்டதும் கீழே பிடித்ததும்: இலங்கையின் வரிக் கணக்கு, 2019 முதல் 2025 வரை

2022 ஆகஸ்ட் 21 ஆம் திகதி இரவு வரை இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா. மறுநாள் காலை அது 340 ரூபா. பெற்றோல் வரிசைகளுக்கும் ஜனாதிபதி மாறிய பரபரப்புக்கும் நடுவில் இது பெரிய செய்தியாக நிற்கவில்லை. வசதியுள்ள வீடுகளில் மண்ணெண்ணெய் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மீனவர்கள், பம்பு வைத்துத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் சிறு விவசாயிகள், கொழும்பு முடுக்குகளிலும் மலையகத் தோட்ட லயன் வரிசை வீடுகளிலும் ஸ்டவ்வில் சமைக்கும் குடும்பங்கள்.

விலை குறைவாக இருப்பதால் தொழிற்சாலைகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று அரசு காரணம் சொன்னது. அதில் உண்மை இல்லாமலில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் யோசனை இருப்பதாகவும் சொல்லப்பட்டது. விலை அன்றிரவே ஏறிவிட்டது. காசு கொடுக்கும் புதிய திட்டம் கைக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது.

வரியும் சலுகைக் குறைப்பும் குறைந்த வருமானக்காரர் மேல் அநியாயமாக விழுகின்றனவா என்ற கேள்விக்கு நான் இலங்கையை எடுத்துக்கொண்டதற்கு இந்த ஒரு வருட இடைவெளிதான் காரணம். இங்கே ஆறே வருடங்களுக்குள் வரி குறைந்தது, நாடு முறிந்தது, வரி திரும்ப ஏறியது. எந்தக் குறைப்பு யாருக்குப் போனது, எந்த ஏற்றம் யாரிடம் முதலில் வந்தது என்பதை மாதம் மாதமாக அடுக்கிப் பார்க்கலாம். அப்படி அடுக்கிப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகம் இல்லை: அநியாயம் நடந்திருக்கிறது. அதைத் தனித்தனி வரியில் தேடினால் கண்ணில் படாது. எல்லாம் ஒரே வீட்டின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக, எந்த வரிசையில் வந்து விழுந்தன என்று பார்க்க வேண்டும்.

2019: பரிசு யாருக்கு?

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1 முதல், வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்தில் இருந்து 8 ஆகக் குறைந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று இருந்த 2 சதவீதம் எடுக்கப்பட்டது. கம்பனி வரி 28 இலிருந்து 24 சதவீதமானது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி நிறுத்தப்பட்டது. வருமான வரி இல்லாத எல்லை, சம்பளக்காரருக்கு வருடம் 12 இலட்சமாக இருந்தது, 30 இலட்சமானது.

இது பொத்தாம்பொதுவாக "எல்லோருக்கும் வரிச் சலுகை" என்றே பேசப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 6 இலட்சம் ரூபா சம்பளம் வாங்கும் ஒருவர் பழைய முறையில் வருடத்துக்கு 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வரி கட்டியிருப்பார். புதிய முறையில் 3 இலட்சத்து 24 ஆயிரம். மாதம் 63,000 ரூபா அவர் கையில் மிஞ்சியது. அப்போது வருமான வரியே கட்டாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, ஒரு மீனவருக்கு, ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் கிடைத்தது பூச்சியம்.

அவர்களுக்கு வற் குறைப்பாவது கிடைத்ததா? வரி குறைந்தால் விலை தானாக இறங்கும் என்பது தாளில் எழுதிப் பார்க்கச் சரி. நடப்பு எப்படி என்பதற்குச் சீனியே சாட்சி. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவில் இருந்து 25 சதத்துக்கு இறக்கப்பட்டது. ரூபா அல்ல, சதம். அரசுக்கு 15 பில்லியன் ரூபாவுக்கு மேல் வருமானம் போனது. கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. இடையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2023 நவம்பரில் அதே வரி திரும்ப 50 ரூபாவானபோது மட்டும் அது தாமதமில்லாமல் தேத்தண்ணிக் கோப்பைக்கு வந்து சேர்ந்தது. இறங்கும்போது நடுவில் நின்றுவிடும் வரி, ஏறும்போது நிற்பதில்லை.

2019க்கும் 2022க்கும் இடையில் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7 சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் வரிப் பட்டியலில் இருந்து விழுந்தார்கள். நெருக்கடிக்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, பல வருடக் கடன், 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தது என்று பலதும் சேர்ந்தன. ஆனால் பெட்டியைத் திறந்து காலி செய்தது இந்த முடிவு. பற்றாக்குறைக்கு மத்திய வங்கி காசு அச்சிட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9 சதவீதம்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்களும் அப்போதைய மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வரிக் குறைப்பும் அதில் பேசப்பட்ட விடயம். நட்டஈடு விதிக்கப்படவில்லை, வழக்குச் செலவு மட்டும்.

திரும்பப் பிடித்த வரிசை

இனி திகதிகள். 2022 ஜூன்: வற் 8 இலிருந்து 12. ஆகஸ்ட்: மின் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏற்றம், அதே மாதம் மண்ணெண்ணெய். செப்டெம்பர்: வற் 15. ஒக்டோபர்: விற்பனைத் தொகை மேல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. 2023 ஜனவரி: வருமான வரி ஏற்றம். பெப்ரவரி: மின் கட்டணம் திரும்பவும் 66 சதவீதம். மார்ச் 20: சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல். ஜூலை: அஸ்வெசும என்ற புதிய நலன்புரிக் காசுத் திட்டம் தொடக்கம். 2024 ஜனவரி 1: வற் 18, கூடவே அதுவரை விலக்கு இருந்த 97 வகைப் பொருட்களுக்கும் வற்.

இந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எல்லோர் வீட்டுக்கும் பொதுவான வரி இரண்டு முறை ஏறிய பிறகுதான் மேல்தட்டு வருமான வரி வருகிறது. நலன்புரித் திட்டம் அதற்கும் பின்னால். இடையில் சில மாதங்கள், சமுர்த்தி என்ற பழைய நலன்புரித் திட்டத்தில் இருந்த குடும்பங்களுக்கு மேலதிகமாகக் காசு கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரிசியும் மாவும் வாங்க வழியில்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்ட குடும்பங்களுக்கு, பணவீக்கம் உச்சத்தில் நின்ற அந்தக் காலத்தில் நிலையான பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை.

மின் கட்டணத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். மாதம் 30 அலகு பாவிக்கும் வீடு என்றால் இரண்டு மூன்று மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, கைத்தொலைபேசி சார்ஜ். 2022 ஆகஸ்டுக்கு முன் அந்த வீட்டின் பில் 105 ரூபா. ஆகஸ்டுக்குப் பின் 360. 2023 பெப்ரவரிக்குப் பின் 1,300. பன்னிரண்டு மடங்கு. சராசரி 75, சராசரி 66 என்று செய்தியில் சொன்ன எண்களுக்குள் இந்த வீடு ஒளிந்துகிடந்தது. அதிகம் பாவிப்பவர்களுக்கு ஏற்கெனவே விலை கூட என்பதால் அவர்களுடைய சதவீதம் சின்னதாக வந்தது, கீழ்ப்படியில் இருந்தவர்களுக்குச் சதவீதம் வெடித்தது. 2023 ஜூலையில் இந்தக் கீழ்ப்படிக் கட்டணத்தை 450 ரூபா அளவுக்கு இறக்கினார்கள். அதற்குள் பில் கட்ட முடியாமல் வயர் வெட்டப்பட்ட வீடுகள் நிறைய. திரும்ப இணைக்கவும் காசு கட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

வற் எல்லோருக்கும் ஒரே 18 சதவீதம்தானே, இதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டம். கணவன் மனைவி இருவருக்கும் மாதம் 20 நாள் பேர் விழுகிறது, அதாவது 20 நாள் வேலை பதிவாகிறது, நாட்சம்பளம் 1,000. மொத்தம் 40,000. இதில் 1,000 ரூபா மட்டும் கற்பனை இல்லை. 2021 மார்ச்சில் வந்த அந்தச் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆகும் வரை அப்படியே நின்றது. அந்த மூன்றரை வருடத்தில் பொருள் விலை இரண்டு மடங்கை நெருங்கியது.

அரிசி, மரக்கறி, மருந்துக்கு வற் இல்லை. சோப்பு, சலவைத்தூள், பற்பசை, பிஸ்கட், செருப்பு, தொலைபேசி ரீலோட், காஸ், பெண்களின் சுகாதாரத் துவாய் எல்லாவற்றுக்கும் உண்டு. இந்த வகைச் சாமான்களுக்கு மாதம் 15,000 ரூபா போகிறது என்று வைப்போம். அதற்குள் இருக்கும் வற் 2,288 ரூபா. வருமானத்தில் 5.7 சதவீதம். அதே சாமானுக்கு 8 சதவீதம் இருந்தபோது 1,017 ரூபா.

மாதம் 4 இலட்சம் சம்பாதிக்கும் வீட்டில் வற் உள்ள பொருட்களுக்கு ஒரு இலட்சம் செலவழிக்கிறார்கள் என்று வைப்போம். வற் 15,254. தொகை பெரிது. ஆனால் வருமானத்தில் 3.8 சதவீதம். மிச்சம் வங்கியில், காணியில், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பில் போகிறது. சேமிப்பதற்கு வற் கிடையாது. சேமிக்க ஒன்றும் மிஞ்சாதவர்தான் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாவையும் கடைக்குக் கொண்டு போகிறார். இந்தக் கணக்கில் நான் டீசலைச் சேர்க்கவே இல்லை. 2024 ஜனவரியில் டீசலுக்கும் வற் வந்தது. அது பஸ் காசிலும் மரக்கறி லொறியிலும் உட்கார்ந்துகொள்கிறது. வரி இல்லாத மரக்கறிக்குள் வரி இப்படித்தான் நுழைகிறது.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்துச் சின்னக் கடை வற் பதிவுக்குள் வராது. பில்லும் கிடையாது, இருந்தாலும் அதில் வற் என்று தனி வரி இருக்காது. மொத்த வியாபாரி கட்டிய வரி விலைக்குள் கரைந்து வருகிறது. எனவே அந்தத் தாய்க்குத் தான் எவ்வளவு வரி கட்டுகிறோம் என்று பார்க்க ஒரு துண்டுத் தாளும் இல்லை. நாட்டில் யார் வரி கட்டுகிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் வரிக் கோப்பு வைத்திருப்பவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் இவர் இல்லை.

அஸ்வெசும

பழைய சமுர்த்தியை நான் புகழப் போவதில்லை. 1995இல் தொடங்கியது. கட்சிக்காரர் பார்த்துப் பெயர் சேர்ப்பது, வசதி வந்த பிறகும் பட்டியலில் இருப்பது, உண்மையில் இல்லாதவர் வெளியே நிற்பது எல்லாம் ஊரறிந்த கதை. தொகையும் நெருக்கடிக்கு முன் 420 ரூபாவில் இருந்து 3,500 வரைதான். அஸ்வெசும அதை மாற்ற வந்தது. 20 இலட்சம் குடும்பங்கள், நான்கு படிகள். நிலைமாறுநிலையில் உள்ள 4 இலட்சம் குடும்பங்களுக்கு 2,500, பாதிப்படையக்கூடிய 4 இலட்சத்துக்கு 5,000, வறிய 8 இலட்சத்துக்கு 8,500, மிக வறிய 4 இலட்சத்துக்கு 15,000. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகளுக்குத் தனியே. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு. தொகையில் இது முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் வேறு இரண்டு இடத்தில். முதலாவது, எண்ணிக்கை. எத்தனை பேர் வறியவர் என்று பார்த்து எண்ணிக்கை வரவில்லை. இத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று படிக்குப் படி கோட்டா வைத்து, ஆட்களை அதற்குள் அடுக்கினார்கள். கோட்டின் இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் அடுத்த வீடு. முதல் பட்டியல் வந்தவுடன் வந்த மேல்முறையீடுகள் 9 இலட்சத்தைத் தாண்டின. கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் நின்ற வரிசைகளை நாடே பார்த்தது. அந்த வரிசையில் நிற்பதும் ஒரு நாள் பேர் போவதுதான்.

இரண்டாவது, அளவுகோல். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகள். வருமானத்தை நேராக அளக்க முடியாத நாட்டில் வீட்டுக் கூரையையும் மின்சாரப் பாவனையையும் பார்த்து வறுமையைக் கணிப்பது உலக வங்கி பல நாடுகளில் சொல்லிக் கொடுத்த வழி. ஆனால் நெருக்கடி காலத்து வறுமை கூரையில் தெரியாது. நல்ல காலத்தில் லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி வாசலில் நிற்கும், ஓட்ட ஆளும் இருக்கும், சவாரி இருக்காது. குறிகாட்டி அதைச் சொத்து என்று எழுதும். லயனில் இன்னொரு விதம். ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறைக்குள் தாய் தகப்பன், கலியாணம் கட்டிய மகன், அவன் பிள்ளைகள் என்று இருந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? பொது மீற்றரில் ஓடும் மின்சாரம் யாருடைய கணக்கு? 2019 கணக்கெடுப்பிலேயே, நெருக்கடிக்கு முன், நாட்டின் வறுமை 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டத் துறையில் 33.8. முல்லைத்தீவில் 44.5. இந்த இடங்களைப் பொறுத்தவரை வீடு வீடாக அளந்து பிரித்ததை விட, வேண்டாம் என்று சொல்பவரைத் தவிர எல்லோருக்கும் கொடுத்திருந்தால் தவறு குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

என் கற்பனைக் குடும்பம் முதற்படியில் விழுந்து 2,500 ரூபா பெறுகிறது என்று வையுங்கள். வற்றில் மட்டும் 2,288 போகிறது. அரசு கொடுத்ததில் கையில் நின்றது 212 ரூபா.

கிழட்டுக் காலக் காசு

இந்த விடயத்தை அதிகம் பேர் வரி என்று பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களான திறைசேரி முறிகளை வைத்திருந்தவர்களில் வங்கிகள் விடப்பட்டன. தனியார் முதலீட்டாளர்கள் விடப்பட்டார்கள். மாட்டியது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள். பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் புதிய முறிகளை எடுக்க வேண்டும், அவற்றுக்கு முதலில் 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் வட்டி. மறுத்தால் அந்த வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. பெயர்தான் விருப்பத்தெரிவு.

ஊழியர் சேமலாப நிதி 1958 சட்டத்தில் உருவானது. தொழிலாளியின் சம்பளத்தில் 8, முதலாளியிடம் 12 என்று மாதாமாதம் பிடித்துச் சேர்த்த காசு. ஆடைத் தொழிற்சாலையில், கடையில், தோட்டத்தில் உழைத்தவருக்கு வேறு பென்சன் இல்லை. 2022 இறுதியில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கையில் பணம் இருந்தவர்கள் அதை வாங்கி நன்றாகவே சம்பாதித்தார்கள். அந்த வருடம் சேமலாப நிதி உறுப்பினருக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பிட்டவர்களின் காசு ஆபத்து என்று மத்திய வங்கி விளக்கியது. வங்கி விழுந்தால் எல்லோருக்கும் கேடு என்பது சரி. வங்கியல்லாத தனியார் முறிக்காரரை ஏன் விட்டார்கள் என்பதற்கு அந்த விளக்கம் பொருந்தாது.

மறுபக்கம்

அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பவர்களின் வாதத்தில் எனக்கு மதிப்பு உண்டு. வரி பிடிக்காவிட்டால் திரும்பக் காசு அச்சிட வேண்டும், பணவீக்கம்தான் ஏழையின் மேல் விழும் மிகக் கொடிய வரி. 2023 ஜூலைக்குள் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, வரி வருமானம் நிமிர்ந்தது. வருமான வரியும் கம்பனி வரியும் ஏறத்தான் செய்தன. 2023இல் மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அடி விழுந்தது, பலர் நாட்டை விட்டே போனார்கள்.

வரி பிடித்தே ஆக வேண்டும் என்பதில் நானும் அந்தப் பக்கம்தான். யாரிடம் முதலில் என்பதில் பிரிகிறேன். நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டிலேயே 2025க்குள் சொத்து வரி, பரம்பரைச் சொத்து வரி கொண்டுவருவதாக அரசு சொல்லியிருந்தது. 2025 வந்தது, அந்த வரிகள் வரவில்லை. கொழும்புத் துறைமுக நகரத்தில் முதலிடுவோருக்கு 2021 சட்டம் 40 வருடம் வரை வரி விலக்குக் கொடுக்க இடம் வைத்தது. வற் கூட்ட மாதக் கணக்கு போதுமாக இருந்த நாட்டில் இவற்றுக்கு மட்டும் வருடக் கணக்குத் தேவைப்படுகிறது. காரணமும் விளங்காததல்ல. சொத்தை மதிப்பிட வேண்டும், பதிவு வேண்டும், சொத்து உள்ளவரோடு மல்லுக்கட்ட வேண்டும். சோப்புக் கட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

2024 செப்டெம்பரில் ஆட்சி மாறியது. 2025 ஜனவரியில் அஸ்வெசுமவின் கீழ் இரு படிகளின் தொகை ஏறியது: 8,500 பத்தாயிரமானது, 15,000 பதினேழாயிரத்து ஐந்நூறானது. நல்ல காரியம். ஏப்ரலில் உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற் எடுக்கப்பட்டது. அதே ஏப்ரல் 1 முதல் வருமான வரி தொடங்கும் எல்லை மாதம் ஒரு இலட்சத்தில் இருந்து ஒன்றரை இலட்சமானது. ஒன்றரை இலட்சம் சம்பளக்காரர் ஒருவர் 2023 முதல் மாதம் 3,500 ரூபா கட்டி வந்தார். அந்த மாதம் அவருடைய சம்பளத் துண்டில் அந்தக் கழிவு இல்லை. அவர் வீதிக்கு வந்து கேட்டார், கேட்டது நியாயம், கிடைத்தது. சம்பளத் துண்டு அவர் கையில் இருந்தது, எவ்வளவு போகிறது என்று தெரிந்திருந்தது. தோட்டத்துக் கடையில் சலவைத்தூளுக்குள் இருக்கும் 18 சதவீதம் அந்த ஏப்ரலிலும் அப்படியே இருந்தது.